ஆபீஸில் ஆல் இன் ஒன் மெஷின் வாங்கிவிட்டார்கள், எனக்கு ஜெராக்ஸ் எடுக்க மட்டும்தான் வருகிறது. ஸ்கேன், ஃபேக்ஸ், மெயில் எல்லாம் எப்படிப் பழகுவது?

நான் மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸில் 11 வருடமாகக் குமாஸ்தா. எங்களுக்குக் கேஸைவிடப் பத்திர வேலைதான் அதிகம், பேங்க் லோனுக்கு மூலப்பத்திரம் பார்த்துக் கருத்து கொடுப்பது, வில்லங்கம் போடுவது, அந்த மாதிரி. மெஷின் வந்த முதல் மாதம் நானும் உங்களைப் போலத்தான், பச்சை பட்டனைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன். ஏதாவது ஸ்கேன் வேண்டுமென்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவேன், ஒன்றரை லட்ச ரூபாய் மெஷினை ஆபீஸில் வைத்துக்கொண்டு.

நீங்கள் மூன்று தனித்தனி வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. அந்த மெஷின் உண்மையில் செய்வது ஒரே வேலை, தாளைப் படம் எடுப்பது. அந்தப் படத்தை இன்னொரு தாளில் அடித்தால் காப்பி, போன் லைனில் தள்ளினால் ஃபேக்ஸ், நெட்டில் அனுப்பினால் மெயில், கம்ப்யூட்டரில் போய்ப் போட்டால் ஸ்கேன் என்று பெயர். அதனால் படம் எடுப்பதைச் சரியாகப் பழகுங்கள், மற்றதெல்லாம் விலாசம் எழுதுகிற வேலைதான்.

தாளை வைப்பதிலேயே ஆரம்பியுங்கள். மேலே இருக்கிற ஃபீடரில், அதாவது தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் தட்டில், பெரும்பாலான மெஷின்களில் எழுத்து மேலே பார்க்க வைக்க வேண்டும், மூடியைத் திறந்து கண்ணாடியில் வைத்தால் எழுத்து கீழே பார்க்க வேண்டும். ஃபீடர் தட்டில் சின்னதாக ஒரு தாள் படம் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். இது தெரியாமல் நான் ஒரு முறை 14 பக்கம் வெள்ளைத் தாளை ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறேன், மெஷினும் சமத்தாக "ஓகே" என்று ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தது.

அப்புறம் ஒருபக்கமா இருபக்கமா என்பது. இதில் பட்டது பெரிய அடி. ஒரு கிரயப்பத்திரத்தை ஸ்கேன் செய்து சென்னையில் இருக்கிற ஒரு பேங்க் ஆபீஸுக்கு மெயில் அனுப்பினேன், பக்கம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் போன். "சார், பின்பக்கம் எங்க?" சார்பதிவாளர் எழுத்து, சீல், கைரேகை எல்லாம் பத்திரத்தின் பின்பக்கத்தில்தானே இருக்கும், நான் முன்பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் கட்சிக்காரர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு உசிலம்பட்டிக்கே போய்விட்டார். மறுபடி பஸ் ஏறி வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது. அன்றிலிருந்து ஃபீடரில் எது வைத்தாலும் டூப்ளெக்ஸ், அதாவது இருபக்கம்தான், வெற்றுப் பக்கம் வந்தால் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

பத்திரத் தாளில் இன்னொரு சங்கதி உண்டு. முத்திரைத்தாள் லீகல் சைஸ், 14 அங்குல நீளம். ஏ4 தாள் 11.7 அங்குலம்தான். சின்ன மெஷின்களில் கண்ணாடி ஏ4 அளவுக்கே இருக்கும், அதில் வைத்தால் கீழே இரண்டு அங்குலத்துக்கு மேல் வெட்டுப்படும், அங்கேதான் கையெழுத்து இருக்கும். ஃபீடர் லீகல் சைஸ் எடுக்கும், ஆனால் அளவை நீங்கள்தான் லீகல் என்று மாற்ற வேண்டும். பழைய தைத்த பத்திரம், மடிப்பில் கிழிந்த தாள் இதையெல்லாம் ஃபீடரில் விடவே விடாதீர்கள், சிக்கி இரண்டாகிவிட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏ4 கண்ணாடிதான் என்றால் மேல்பாதி ஒரு முறை, கீழ்பாதி ஒரு முறை என்று எடுங்கள்.

டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது பற்றி. எண்ணிக்கை கூடினால் நல்லது என்று எல்லோரும் 600 வைக்கிறார்கள், தேவையில்லை. ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் கலரில் எடுத்தால் சுருக்குவதற்கு முன் 26 எம்பி, அதையே வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் 1 எம்பி சொச்சம். 600 வைத்தால் இரண்டுமே நான்கு மடங்கு. மெஷின் சுருக்கித்தான் அனுப்பும் என்றாலும் இந்த விகிதம் கடைசிவரை தெரியும். டைப் அடித்த தாளுக்கு 200 அல்லது 300 போதும். ஆனால் சீல், மை வித்தியாசம், கைரேகை தெரிய வேண்டும் என்றால் கலர்தான். கறுப்பு வெள்ளையில் முத்திரைத்தாளின் பின்னணி டிசைன் எல்லாம் புள்ளி புள்ளியாகி எழுத்தை விழுங்கிவிடும்.

மெயிலுக்கு வருவோம். மெஷினிலிருந்து நேராக மெயில் போக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு மெயில் கணக்கைச் செட்டிங்கில் போட வேண்டும், ஒரு தடவை செய்தால் போதும். ஜிமெயில் என்றால் இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டால் ஏற்காது, 2022 மே மாதக் கடைசியோடு கூகுள் அதை நிறுத்திவிட்டது. கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டுக் கேட்டால், "ஆப் பாஸ்வேர்டு" என்று 16 எழுத்தில் ஒன்று தருவார்கள், அதை மெஷினில் அடியுங்கள். போர்ட் 587, பாதுகாப்பு டிஎல்எஸ். எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால் மெஷினின் தேதியைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் மெயில் சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று மெஷினே முடிவு கட்டிவிடும்.

ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரைதான். மெயிலில் போகும்போது கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், அதனால் 18க்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. பெரிய பத்திரக்கட்டு என்றால் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்.

கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு ஸ்கேன் போவது நேற்றுவரை போய் இன்று போகவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: யாரோ விண்டோஸ் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், கம்ப்யூட்டரின் ஐபி எண் மாறியிருக்கும், அல்லது புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பீர்கள். பழைய மெஷின்கள் எஸ்எம்பி1 என்ற பழைய முறையில்தான் பேசும், 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து அது தானாக வருவதில்லை. அதைத் திரும்ப இயக்கு என்று சிலர் சொல்வார்கள், பாதுகாப்பில்லை, நான் செய்யவில்லை. ஸ்கேனை மெயிலுக்கே அனுப்பிக்கொள்கிறேன்.

ஃபேக்ஸை இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள் என்று என் மகன் சிரிப்பான். எங்களுக்கு மாதம் இரண்டு மூன்று வரத்தான் செய்கிறது. ஃபேக்ஸின் முதல் காப்புரிமை 1843இல் ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெயின் வாங்கியது, டெலிபோனுக்கு 33 வருடம் மூத்தது, அவ்வளவு சீக்கிரம் சாகாது. மெஷினின் பின்னால் இரண்டு ஓட்டை இருக்கும், "லைன்" என்று போட்டதில்தான் சுவரிலிருந்து வரும் வயர், மற்றது பக்கத்தில் வைக்கும் போனுக்கு. மாற்றிச் செருகிவிட்டு அரை நாள் ஹலோ ஹலோ என்று கத்தியவன் நான். மதுரைக்குள் அனுப்பினால் நம்பர் மட்டும், வெளியூர் என்றால் 0 சேர்த்து எஸ்டிடி கோடு. ஃபைபர் லைனுக்கு மாறிய பிறகு பாதியில் அறுந்தால் ஃபேக்ஸ் வேகத்தை 9600க்குக் குறைத்துப் பாருங்கள், எங்களுக்கு அதில்தான் சரியானது. தரத்தை "ஃபைன்" வையுங்கள், சாதாரணத்தில் மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு 98 கோடுதான், சர்வே நம்பர் எல்லாம் 3ஆ 8ஆ என்று தெரியாது. முத்திரைத்தாளை நேராக விடாமல், வெளிச்சத்தைக் கூட்டி ஒரு ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜெராக்ஸை ஃபேக்ஸ் செய்யுங்கள். "ஓகே" ரிப்போர்ட் வந்தால் அந்தப் பக்க மெஷின் வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம், அங்கே தாள் இருந்ததா, யாராவது எடுத்தார்களா என்பது போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

அட்ரஸ் புக்கில் ஒரே மாதிரிப் பெயர்களை வைக்காதீர்கள். எங்களிடம் இரண்டு "முருகன்" இருந்து, ஒருவர் பாகப்பிரிவினை இன்னொருவருக்குப் போய்விட்டது, வக்கீல் சார் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. இப்போது பெயரோடு ஊரையும் சேர்த்துப் போடுகிறோம், மேலூர், வாடிப்பட்டி என்று.

கடைசியாக, ஃபீடரில் எடுக்கும் ஸ்கேனில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு வரும், கண்ணாடியில் வைத்து எடுத்தால் வராது. டிரம் போய்விட்டது என்று பயந்து நாங்கள் சர்வீஸுக்குச் சொன்னோம். வந்த தம்பி மூடியைத் திறந்து, பெரிய கண்ணாடிக்கு இடது பக்கம் இருக்கிற விரல் அகலக் கண்ணாடிப் பட்டையைக் காட்டினார். அதில் கடுகளவு ஒயிட்னர் ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "அவ்வளவுதாண்ணே" என்று சொல்லி, விசிட் சார்ஜ் 500 வாங்கிக்கொண்டு போனார்.