கடல் மட்டத்திலிருந்து ஓர் ஏற்றம்

அன்புள்ள அண்ணா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். அண்மையில் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கி, காலையில் நிலாவெளி வரை போய்வருகிறேன். வீதி ஒரே தட்டையாக இருப்பதால் சலிப்பாக இருக்கிறது. ஹற்றனில் வேலை செய்யும் நண்பன் தான் ஏறும் வீதிகளின் படங்களை அனுப்பி, “உங்கள் ஊரில் ஏற என்ன இருக்கிறது?” என்று கேட்கிறான். அடுத்த வருடம் அவனோடு நுவரெலியாவுக்கு ஏற வேண்டும் என்பது என் ஆசை. திருகோணமலையிலும் அதைச் சுற்றியும் கடினமான ஏற்றங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ர., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பருக்கு நீளமான ஏற்றங்கள் வாய்த்திருக்கின்றன. நமக்கு அவை இல்லை. ஆனால் குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள் நம் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. நுவரெலியாவுக்குத் தேவையான கால்களின் பெரும்பகுதியை அவற்றிலேயே உருவாக்கிக்கொள்ளலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எது கடினமான ஏற்றம்? சைக்கிள்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஸ்ட்ராவா செயலி, ஏற்றத்தின் நீளத்தை மீற்றரில் எடுத்து, அதைச் சாய்வு வீதத்தால், அதாவது நூறு மீற்றருக்கு எத்தனை மீற்றர் உயர்கிறது என்ற எண்ணால், பெருக்குகிறது. விடை 8,000ஐத் தாண்டி, சாய்வு 3 வீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது நான்காம் தர ஏற்றம். 80,000ஐத் தாண்டினால் அதியுயர் தரம். நீளத்தைச் சாய்வால் பெருக்கினால் கிடைப்பது ஏறிய உயரத்தின் நூறு மடங்குதான். எனவே 80 மீற்றர் உயரம் ஏறினாலே நான்காம் தரம் வந்துவிடும். இந்தக் கணக்கு சொல்லாமல் விடும் விடயம் ஒன்று உண்டு. நாற்பதே மீற்றர் உயரத்தை 12 வீதச் சாய்வில் ஏறுகிறவன், 80 மீற்றரை 4 வீதத்தில் ஏறுகிறவனைவிட அதிகமாகத் திணறுவான். தரப்பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு வீதியைத் தள்ளிவிடாதீர்கள்.

தேடலை வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தைப் பாடசாலையில் புவியியல் படித்தபோது பார்த்திருப்பீர்கள். சமவுயரக் கோடுகள் நெருங்கும் இடத்தில் ஒரு வீதி அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறதா என்று பாருங்கள். கோடுகளுக்கு இணையாக ஓடும் வீதி மலையைச் சுற்றிப் போகும். வெட்டிப் போகும் வீதிதான் உங்களுக்கு வேண்டியது. இன்னொரு வழியும் உண்டு: மனிதர்கள் உயரத்தில் எதைக் கட்டுவார்கள் என்று யோசியுங்கள். நீர்த்தாங்கி, தொலைத்தொடர்புக் கோபுரம், கோயில், விகாரை, பழைய காவலரண். இவை இருக்கும் இடத்துக்கு யாரோ ஒருவர் வாகனம் ஏற வீதி போட்டிருப்பார். நம் ஊரில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள உயரங்களில் பல கடற்படை, இராணுவப் பகுதிக்குள் இருக்கின்றன. பலகை போட்ட இடத்தில் திரும்பிவிடுங்கள்; ஒரு மேட்டுக்காகக் காவலாளியோடு வாதாடவேண்டாம்.

இணைய வரைபடங்கள் காட்டும் சாய்வை நம் ஊரில் அப்படியே நம்பவேண்டாம். அவற்றில் பல, 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்த உயரத் தரவையே அடிப்படையாகக் கொண்டவை. அந்தத் தரவு நிலத்தை ஏறத்தாழ 30 மீற்றர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் தருகிறது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை போல ஒரு பக்கம் வீதி, மறுபக்கம் நேரே கடலில் இறங்கும் பாறை என்று இருக்கும் ஒடுங்கிய முனையில், ஒரே கட்டத்துக்குள் பாறையும் கடலும் கலந்துவிடலாம். அதிலிருந்து வரும் சாய்வு எண்ணுக்கும் உங்கள் தொடைகள் உணர்வதற்கும் தொடர்பே இருக்காது.

ஆகவே நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு மீற்றர் நீளமுள்ள நேரான பலகை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஓர் அடிமட்டம் போதும். பலகையின் மேல்நுனியை வீதியில் ஊன்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வரும்வரை கீழ்நுனியை உயர்த்துங்கள். அந்த நுனிக்கும் வீதிக்கும் இடையே 8 சென்ரிமீற்றர் இருந்தால் சாய்வு 8 வீதம். நாலைந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

முதலில் உவர்மலைக்குப் போங்கள். உள்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அந்த மேட்டில் குடியிருப்பு வீதிகள் பல திசைகளிலிருந்து ஏறுகின்றன. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கி, அடுத்ததில் மீண்டும் ஏறலாம். ஒரே ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏறுவதைவிட இது மனதுக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது. பாடசாலை தொடங்கும், முடியும் நேரங்களில் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம்.

அடுத்தது எல்லோரும் நினைக்கும் இடம்: கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் கோயில் வரை போகும் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வீதி. மரநிழல், கடற்காற்று, கடைசியில் இறுகும் ஏற்றம் என்று எல்லாம் உண்டு. என்றாலும் இங்கே பயிற்சி செய்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அது அடியார்கள் நடந்து ஏறும் வீதி. முதியவர்கள் கைபிடித்து வருவார்கள். பிள்ளைகள் மான்களைப் பார்க்க ஓடுவார்கள். மான்களும் முன்னறிவிப்பில்லாமல் குறுக்கே பாயும். ஏறும்போது உங்களால் யாருக்கும் ஆபத்து இல்லை. இறங்கும்போது உண்டு. போவதானால் விடியலில், கூட்டம் சேருமுன் போங்கள். இறங்கும்போது நடைவேகத்துக்கு மேல் போகாதீர்கள். வெள்ளிக்கிழமைகளிலும் சிவராத்திரியிலும் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போங்கள்.

ஊருக்கு வெளியே அநுராதபுரம் வீதியில் கன்னியா பக்கம் போனால் வீதி மெல்ல ஏறி இறங்கத் தொடங்கும். வெந்நீரூற்று வரை போய்த் திரும்புவது நல்ல காலைப் பயணம். அதற்கு அப்பால் ஹொரவப்பொத்தானை நோக்கியோ, கந்தளாய் தாண்டி ஹபரணை நோக்கியோ போவதானால் விடியலிலும் அந்தியிலும் தனியே போகவே வேண்டாம். அவை யானைகள் வீதியைக் கடக்கும் பகுதிகள். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் யானை உங்களைக் கவனிக்கும்போது நீங்கள் மிக அருகில் இருப்பீர்கள்.

மலை இல்லாத ஊரில் எதிர்காற்றே மலை என்று பலர் சொல்வார்கள். கச்சான் வீசும் மாதங்களில் அந்தக் காற்றை எதிர்த்து உழக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கடுமை தெரியும். நல்ல பயிற்சிதான், ஆனால் மலைக்கு அது ஈடாகாது. எதிர்காற்றில் களைத்தால் வேகத்தைக் குறைக்கலாம். காற்றின் தடை உடனே வெகுவாகக் குறையும். ஏற்றத்தில் புவியீர்ப்பு அப்படித் தளராது. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், 8 வீதச் சாய்வில் மணிக்கு 10 கிலோமீற்றரில் ஏற, உயர்வதற்கு மட்டும் 160 வாற்றுக்கு மேல் தேவை. வேகத்தைப் பாதியாக்கினால் சக்தியும் பாதியாகும். ஆனால் 5 கிலோமீற்றரில் சைக்கிள் தள்ளாடத் தொடங்கிவிடும். அதற்குத்தான் சிறிய கியர். பெரிய கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவது வீரமல்ல, முழங்காலுக்குச் செய்யும் துரோகம்.

இப்போது நுவரெலியா. ஹற்றன் ஏற்கெனவே 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870. உங்கள் நண்பர் வீட்டிலிருந்து புறப்பட்டால், இடையிலுள்ள இறக்கங்களைக் கழித்துப் பார்த்தால், சுமார் 600 மீற்றர்தான் உயர்கிறார். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலிருந்து கம்பளை, றம்பொடை வழியாக ஏறினால் அது 1,370 மீற்றர். இரண்டாவது வழிக்கே தயாராகுங்கள். உவர்மலையில் ஓர் ஏற்றம் 40 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்துக்கு 35 தடவை ஏறவேண்டும். ஒரே காலையில் அல்ல. வாரத்துக்குச் சில ஏற்றங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே ஒவ்வோர் இறக்கத்திலும் கால் ஆறுகிறது. றம்பொடையில் அந்த ஓய்வு கிடைக்காது. அந்தக் குறையைக் கச்சானில் இரண்டு மணிநேரம் நிறுத்தாமல் உழக்கிச் சற்று ஈடுசெய்யலாம்.

நம் வெயில் ஒரு தனிக் கடினம். மெதுவாக ஏறும்போது உடலைக் குளிர்விக்கும் காற்று மேலே படாது. எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். போத்தலில் வெறும் தண்ணீர் வேண்டாம், உப்பும் சீனியும் தேசிக்காய்ப் புளியும் கலந்து கொண்டுபோங்கள்.

உவர்மலை வீதிகளை ரசமட்டத்தால் அளந்ததும், வீதியின் பெயர், நீளம், சாய்வு மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பாலையூற்றிலும் சீனன்குடாவிலும் கிண்ணியாவிலும் சைக்கிள் ஓடும் வாசகர்கள் தங்கள் பக்கத்து ஏற்றங்களையும் அனுப்பினால், எல்லாவற்றையும் சேர்த்து இங்கே ஒரே அட்டவணையாக வெளியிடுகிறேன்.