முழுக் கிட்னியையும் எடுக்க வேண்டுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு 66 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் இடது கிட்னியில் 3 செ.மீ. கட்டி தெரிந்தது. சி.டி. பார்த்த டாக்டர், "அநேகமாக கேன்சர்தான், கட்டியை மட்டும் எடுப்போம், கிட்னி இருக்கட்டும்" என்கிறார். கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும் வேண்டாமாம். மாமாவும் சித்தப்பாவும் சம்மதிக்கவில்லை. சோதிக்காமல் எப்படிக் கத்தி வைப்பது, கேன்சர் என்றால் வேரோடு எடுக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். மருத்துவ வழிகாட்டுதல்கள் என்ன சொல்கின்றன?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் டாக்டர் சொல்வதைத்தான் அவையும் சொல்கின்றன. கட்டி 4 செ.மீ.க்குள், கிட்னியைத் தாண்டாமல் இருந்தால் அதை மட்டும் எடுப்பதற்கே ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கமும் அமெரிக்கக் கேன்சர் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான என்.சி.சி.என்.னும் முதலிடம் தருகின்றன.

மாமா சொல்வது ஒருகாலத்தில் சரியாக இருந்தது. 1960களிலிருந்து வெகுகாலம், சுற்றியுள்ள கொழுப்போடு முழுக் கிட்னியையும் எடுப்பதே முறை. சின்னக் கட்டிகளுக்கு அப்படிச் செய்வதால் கேன்சர் கூடுதலாகக் கட்டுப்படுவதில்லை என்பது பின்னால் தெரிந்தது. நஷ்டம் மட்டும் உண்டு. 66 வயதில் பிரஷரோ சர்க்கரையோ வந்தால் மிஞ்சிய ஒற்றைக் கிட்னிதான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். காப்பாற்ற முடிந்த கிட்னியை பயத்தில் இழக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பயாப்சி பற்றிய சந்தேகம் நியாயமானது. வாய், மார்பகக் கேன்சர்களில் சதையைச் சோதித்த பிறகே சிகிச்சை. ஊரில் எல்லோரும் பார்த்திருப்பது அதைத்தான். கிட்னியில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.யில் கட்டி அந்த மருந்தை இழுக்கும் விதமே பெரும்பாலும் போதுமானது. ஆனாலும் இந்த அளவுக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, எடுத்த பிறகு கேன்சர் இல்லை என்று தெரியவரும். வீட்டில் எல்லோருக்கும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால்தான் பயாப்சி தேவை. உதாரணமாக, இதயம் பலவீனமாக இருந்து, அறுக்காமல் கண்காணிக்கலாமா அல்லது ஊசிவழியே கருக்கிவிடலாமா என்று யோசிக்கும்போது.

அப்புறம் கீமோ பயம். இது பரவாமல் இருந்து சுத்தமாக எடுக்கப்பட்டால் கீமோவும் கிடையாது, கரண்டு வைப்பதும் (கதிர்வீச்சு) கிடையாது. சில வருடங்கள் ஸ்கேனோடு தொடர் பரிசோதனை மட்டும்.

டாக்டரிடம் சிலவற்றைக் கேளுங்கள். நெஞ்சுக்கும் ஸ்கேன் பார்த்தாயிற்றா? கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் எவ்வளவு? கிட்னியை விட்டுக் கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனை அவர் வழக்கமாகச் செய்பவரா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் முழுதாக எடுப்பதைவிட இது கடினமான வேலை. பதிலில் தயக்கம் தெரிந்தால் ஸ்கேன் படங்களோடு திருவனந்தபுரம் போய் இன்னொருவரிடம் காட்டுங்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பழகிய வழிதானே. நல்ல டாக்டர் அதை வருத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாமாவும் சித்தப்பாவும் சொல்வதை எழுதியிருக்கிறீர்கள். அப்பா என்ன சொல்கிறார் என்று எழுதவில்லை. அவருக்கு விஷயம் தெரியாதென்றால் அடுத்த முறை டாக்டர் முன்னால் அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பீடிப் பழக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள்.