நன்றிக் குறிப்பேடு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அன்றாடம் கிடைக்கும் வசதிகளுக்கு நன்றி சொல்லிப் பழக வேண்டும் என்று எட்டு மாதமாகப் படுக்கும் முன் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். "வீடு, சாப்பாடு, தண்ணீர்." முதல் இரண்டு வாரம் மனம் நிறைந்திருந்தது. இப்போது பால் கணக்கு எழுதுவதுபோல் எழுதுகிறேன். எனக்கு நன்றியுணர்வே இல்லையா, இந்தப் பழக்கமே வீணா?

ஒரு வாசகி, அம்பத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

எட்டு மாதம் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். நன்றியுணர்வு இல்லாதவர் அப்படி எழுதமாட்டார். எழுதும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில், தினமும் எழுதுவதை நிறுத்துங்கள். வாரம் ஒருநாள் போதும். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் எழுதிய கட்டுரையில் இதைக் காணலாம்: ஆறு வாரம், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியிருந்தது; வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. பழகிய எதையும் மனம் கவனிக்காமல் விட்டுவிடும். நன்றிக் குறிப்பையும்தான்.

அடுத்து, "தண்ணீர்" என்ற ஒற்றைச் சொல். அதில் மனம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. குறளில் நன்றியைப் பற்றிய அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். நன்றி என்பது பிறர் செய்த நன்மை. நம் பங்கு அதை அறிவது. எனவே உணர்ச்சி வரவில்லையே என்று வருந்தாமல், தண்ணீர் வந்த வழியை விசாரியுங்கள்.

சென்னைக்கு வரும் வீராணம் ஏரித் தண்ணீர் நெய்வேலி அருகே வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடாம்புலியூர் வரை பம்ப் மூலம் ஏற்றப்பட்டு, அங்கிருந்து சரிவில் தானாக ஓடிப் போரூர் வந்து சேர்கிறது. மொத்தம் 200 கிலோமீட்டருக்கும் மேல். ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே பூண்டிக்கு ஒரு பங்கு வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். 2019-இல் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தது. ஒரு நடைக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். உங்கள் தெருவுக்கு வால்வு திறப்பவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்டு எழுதுங்கள். அந்த வாரக் குறிப்புக்கு அது ஒன்றே போதும்.

இன்னொரு பயிற்சி, இல்லாமல் இருந்து பார்ப்பது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் குளியலறைக் குழாயை மட்டும் நிறுத்துங்கள். முந்தைய நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீட்டில் வேண்டாம். மாடித் தொட்டியின் கேட் வால்வைத் தொடாதீர்கள். பல வருடம் திருகாத வால்வு துருப்பிடித்திருக்கும், அழுத்தித் திருகினால் தண்டு முறிந்துவிடும். குளியலறைக்கென்று உள்ள வால்வை மூடினால் போதும். கீசரை அணைத்துவிடுங்கள். சமையலறையிலிருந்து 15 லிட்டர் வாளி ஒன்றை நிரப்பித் தூக்கி வந்து, அதிலேயே குளியுங்கள். 15 லிட்டர் என்றால் 15 கிலோ. வாளியின் கம்பிப்பிடி விரல்களில் பதிந்த சிவந்த கோடு கொஞ்ச நேரம் மறையாது. பாதி வாளி தீர்ந்ததும் சோப்பு நுரை இன்னும் முதுகில் இருக்கும். அப்போது கை தானாக சொம்பை அரைவாசிதான் மொள்ளும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒப்பீடு. "எத்தனையோ பேருக்கு இதுகூட இல்லை" என்று எழுத ஆரம்பித்தால் அது இரக்கமாகவோ குற்றவுணர்வாகவோ முடியும். இல்லாதவரைப் பார்ப்பதை விட்டு, கொண்டுவந்து தருபவரைப் பாருங்கள்.

நன்றி சொல்வதால் குறையைச் சொல்லக் கூடாது என்றும் இல்லை. குழாயில் சாக்கடை வாடை வந்தால் அன்றே புகார் கொடுக்க வேண்டும். வால்வு திறப்பவரின் அருமை தெரிந்தவர்தான் அவருக்கு ஒழுங்கான சம்பளமும் கையுறையும் கேட்பார். பிள்ளைகளைச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரவைத்து நன்றியைப் பற்றிப் பாடம் எடுப்பதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். வாளியைத் தூக்க அவர்களும் ஒரு கை கொடுக்கட்டும்.

இரண்டு மணி நேரம் கழித்து வால்வை மெதுவாகத் திறங்கள். குழாய் முதலில் இருமிக் காற்றைத் துப்பும், பிறகு நீர் விட்டுவிட்டு வந்து சீராகும். குறிப்பை இரவுக்குத் தள்ளிப்போடாமல், கை ஈரம் காய்வதற்குள் எழுதிவிடுங்கள்.