வெஸ்ட் ஹாம் சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஜனவரியில் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வருகிறேன், ரூம் எப்படித் தேடுவது, குளிருக்கு என்ன வாங்குவது, வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப் பக்கத்திலேயே இருக்கிறதே அண்ணா, சீசன் டிக்கெட் எடுத்துவிடட்டுமா, நான் டிவியில் மான்செஸ்டர் சிட்டி ரசிகன்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். ரூமுக்கும் வங்கிக்கும் வழி சொல்ல இங்கே நாலு பேர் கிடைப்பார்கள். கோட்டு மட்டும் இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் விற்பது தாங்காது. எனக்குப் பதில் சொல்லத் தோன்றுவது அந்தக் கடைசி வரிக்குத்தான்.

எடுக்காதீர்கள். முதல் வருஷம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

தோற்கிற அணி என்பதற்காகச் சொல்லவில்லை. வியாசர்பாடியில் மண் தரையில் ஆடி வளர்ந்தவன் நான், தோல்வி எனக்குப் பழக்கம்தான். இவர்கள் ஆடுகிற லட்சணத்தைத்தான் தாங்க முடியவில்லை. லெஃப்ட் பேக்கிடம் பந்து வரும், நிமிர்ந்து பார்ப்பார், முன்னால் ஒருத்தரும் ஓடமாட்டார்கள், சென்டர் பேக்கிடம் திருப்புவார், அவர் கோல்கீப்பரிடம் தருவார், கீப்பர் வானத்தைப் பார்த்து உதைப்பார், பந்து எதிரணிக்குப் போய்விடும். அப்புறம் பத்துப் பேரும் பெனால்டி பாக்ஸ் முன்னால் சுவர் மாதிரி நின்றுகொண்டு, எப்போதாவது ஒரு கார்னர் கிடைக்காதா என்று காத்திருப்பார்கள். என் பக்கத்து சீட்டுப் பெரியவர், அறுபதுகளில் இருந்து வருகிறவர், இடைவேளைக்கு முன்பே ஃபிளாஸ்க்கைத் திறந்துவிடுவார். அவர் பாபி மூரை நேரில் பார்த்தவர் தம்பி! 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பை வாங்கியபோது கேப்டன் மூர், இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த ஹர்ஸ்ட், பீட்டர்ஸ், மூன்று பேரும் இந்த கிளப்காரர்கள். பார்க்கிங் ரோடும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சேரும் இடத்தில் சிலையே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் இந்த ஆட்டம்.

2014 மார்ச்சில் ஹல் சிட்டியோடு ஒரு மேட்ச். அவர்கள் கீப்பர் அரை மணி நேரத்துக்குள் ரெட் கார்டு வாங்கி வெளியே போய்விட்டார். பத்துப் பேரை எதிர்த்து நாங்கள் 2-1 ஜெயித்தோம், அதுவும் ஒரு பெனால்டி, ஒரு சேம் சைடு கோல். விசில் ஊதியதும் ஜெயித்த அணியைப் பார்த்து மைதானமே ஊளையிட்டது. எங்கள் பயிற்சியாளர் அலர்டைஸ் காதில் கையை வைத்து 'என்ன சத்தம்' என்பதுபோல் காட்டினார். மூன்று புள்ளி கிடைத்ததே, என்ன கோபம் என்று அடுத்த நாள் வேலையிடத்தில் கேட்டார்கள். புள்ளியைப் பார்க்கவா அந்தக் குளிரில் போய் உட்காருகிறோம்?

2003இல் 42 புள்ளி எடுத்தும் கீழ் லீக்கில் இறங்கியபோதுகூட எனக்கு இந்த அலுப்பு இல்லை. ஜோ கோல், டி கானியோ எல்லாம் இருந்த அணி அது. அழுதேன், ஆனால் ஒரு நாளும் கொட்டாவி விட்டதில்லை. பின்னால் வந்த பயிற்சியாளர் மோயஸ் 2023இல் பிராகாவில் இத்தாலியின் ஃபியோரன்டினாவை ஜெயித்துக் கான்ஃபரன்ஸ் லீக் என்ற ஐரோப்பியக் கோப்பையே வாங்கித் தந்தார், 1980க்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை, போவன் கடைசி நிமிடத்தில் அடித்த கோலுக்கு நான் தெருவில் ஓடினேன். அதே சீசனில் லீக்கில் பதினாலாவது இடம், வாரா வாரம் அதே தற்காப்பு. அவருக்குப் பின் லொபெடேகி, பாட்டர் என்று ஆள் மாறியது, அலுப்பு மாறவில்லை.

நான் வந்த காலத்தில் ஒரே ரூமில் நாலு பேர், ராத்திரி பெட்ரோல் பங்கில் வேலை, ஹீட்டருக்குக் காசு போட ஆளாளுக்கு யோசிப்போம். சனிக்கிழமை மதியம் தூங்க முயன்றால் வெஸ்ட் ஹாமின் பழைய மைதானமான அப்டன் பார்க் பக்கமிருந்து இரைச்சல் வரும். அங்கே போகாதே, தோல் நிறத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்று ரூமில் இருந்தவர்கள் பயமுறுத்தினார்கள். பேசினார்கள்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் போனேன், போய்ப் போய் அந்த வரிசையில் என் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வந்தது. அந்த மைதானத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் திட்டுவது முன்வரிசைக்குக் கேட்கும். விம்பிள்டனுக்கு எதிராக டி கானியோ இரண்டு காலும் காற்றில் இருக்க அடித்த கோலை அங்கேதான் பார்த்தேன். மேட்ச் முடிந்து கிரீன் ஸ்ட்ரீட்டில் நடந்தால் புடவைக்கடை வாசலில் நின்று ஸ்கோர் கேட்பார்கள். 2016இல் ஸ்ட்ராட்போர்டு ஒலிம்பிக் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். நடுவில் ஓட்டப்பந்தயத் தடத்துக்கு விட்ட இடம், ஆட்டம் எங்கேயோ தூரத்தில் நடக்கிறது. மந்தமான ஆட்டத்தைத் தூரத்தில் இருந்து பார்ப்பது இரட்டைத் தண்டனை.

நம்ம ஆட்களில் பெரும்பாலோர் செல்சி ஜெயித்தால் செல்சி, சிட்டி ஜெயித்தால் சிட்டி. அந்த அப்டன் பார்க் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருபது வருஷம் குடியிருந்து ஒரு தடவை உள்ளே போகாதவர்களை எனக்குத் தெரியும். வாழ்கிற ஊரின் அணியை ஒருநாளும் எட்டிப் பார்க்காமல், இந்த ஊர் நம்மை ஏற்கவில்லை என்று புலம்புவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் அப்படி இருக்கவேண்டாம்.

மேட்ச் பார்க்க ஆசையென்றால் மெம்பர்ஷிப் எடுத்து ஒன்றிரண்டு பாருங்கள். ஸ்டேஷன் வாசலில் விற்பவனிடம் டிக்கெட் வாங்காதீர்கள், அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது இங்கே குற்றம், உங்கள் காசும் போகும். சிட்டி சட்டையோடு உள்ளூர் ரசிகர் பகுதியில் உட்கார்ந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, சனிக்கிழமை மூன்று மணி மேட்ச் இங்கே டிவியில் வராது. சின்ன கிளப்களுக்குக் கூட்டம் குறையக்கூடாது என்று அறுபதுகளிலிருந்து இருக்கும் தடை. சென்னையில் உட்கார்ந்து பார்க்கிற மேட்சை லண்டனில் பார்க்கமுடியாது!

அந்த மூன்று மணிக்கு ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஓல்டு ஸ்பாட்டட் டாக் மைதானத்துக்குப் போங்கள். கிளாப்டன் கம்யூனிட்டி என்று ரசிகர்களே சேர்ந்து நடத்தும் கிளப். சின்ன லீக்தான், ஆனால் பந்து கிடைத்ததும் முன்னால் ஓடுகிறார்கள். வந்து இறங்கியதும் சொல்லுங்கள், கூட்டிப்போகிறேன்.