ஒலிம்பிக் பதக்கம் வாங்காத நீச்சல் வீரர் பெரிய பயிற்சியாளர் ஆக முடியுமா?

தாராளமாக முடியும். பிரிட்டனின் மெல் மார்ஷலைப் பாருங்கள். 2004-இல் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அந்த ஆண்டின் உலகின் மிக வேகமான நேரத்தோடு ஏதென்ஸ் போனார். இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2006 காமன்வெல்த் போட்டியில் ஆறு பதக்கங்கள், 2008 பெய்ஜிங்கில் இன்னொரு ஒலிம்பிக், அத்தோடு ஓய்வு.

அப்புறம் டெர்பியில் பயிற்சியாளர் வேலை. அங்கே வந்த ஆடம் பீட்டி என்ற பையனின் ஃப்ரீஸ்டைல் சுமார்தான். ஆனால் மார்பு நீச்சலில் அவன் கால் உதைப்பதைப் பார்த்ததும் இவருக்குப் பொறி தட்டிவிட்டது. அதுதான் பயிற்சியாளரின் கண். 2016 ரியோவில் 100 மீட்டரை 57.13 வினாடியில் நீந்தி, உலக சாதனையோடு தங்கம் வென்றார் பீட்டி. டோக்கியோவிலும் அதே பிரிவில் தங்கம். முதல் இடத்தில் போய்த் தோற்பது எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர் கரையில் நின்றது, என் கணிப்பில், பீட்டிக்குக் கிடைத்த கூடுதல் பலம்.