காலைல 118, ஆனா மூணு மாச சராசரி 8.4?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 58 வயசு, ஒன்பது வருஷமா சுகர். சோத்தைக் குறைச்சாச்சு, காலைல கேப்பைக்கஞ்சி, ராத்திரி மூணு சப்பாத்தி, மாத்திரையும் விடாம போடறாங்க. வெறும் வயித்துல பார்த்தா 118, 120தான் வருது. ஆனா போன வாரம் ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைச் சொல்ற ரத்த டெஸ்ட்) எடுத்தா 8.4 சதவீதம். லேப்ல தப்பா போட்டுட்டாங்களா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தப்பா இருக்காதும்மா. 8.4னா மூணு மாசமா ரத்தத்துல சராசரியா 194 கிட்ட சர்க்கரை ஓடியிருக்குன்னு அர்த்தம், காலைல 118தான்னா மிச்ச நேரத்துல 200ஐத் தாண்டுது, அது பெரும்பாலும் சாப்பிட்டதுக்கு அப்புறம், நீங்க சுகர் பார்க்கிற மெஷினை எடுக்காத நேரத்துல.

எனக்கு முதல் சந்தேகம் அந்தக் கஞ்சி மேலதான். கேப்பை நல்ல தானியம், ஆனா நைசா அரைச்சு தண்ணியா காய்ச்சி மடமடன்னு குடிச்சா மெல்லுற வேலையே இல்ல, சட்டுன்னு ஏறிடும். எங்க மாமியாரும் இப்படித்தான், சொம்பு நிறைய கஞ்சி, கடிச்சுக்க ரெண்டு சின்ன வெங்காயம், சுகருக்கு நல்லதாச்சேன்னு இன்னொரு டம்ளரும் ஊத்திக்குவாங்க. ஒருநாள் ரெண்டு மணி நேரம் கழிச்சு குத்திப் பார்த்தா 248! மறுநாள் அதே மாவுல முருங்கைக்கீரை போட்டு ஒரே ஒரு அடை, கூட ரெண்டு அவிச்ச முட்டை, 171 வந்துச்சு. நான் வருஷக்கணக்கா சொல்லியும் கேக்காதவங்க அந்த நம்பரைப் பார்த்துதான் நம்பினாங்க.

அதனால அம்மாவுக்கும் ஒரு வாரம், ஒரு நாளைக்கு ஒரு வேளைன்னு மாத்தி மாத்தி, முதல் வாய் வச்சதுல இருந்து சரியா ரெண்டு மணி நேரத்துல பாருங்க, கைய சோப்பு போட்டு கழுவித் துடைச்சிட்டு (பழம் உரிச்ச கையோட குத்தினா தப்பா அதிகமா காட்டும்), என்ன சாப்பிட்டாங்கன்னும் நோட்டுல எழுதுங்க. பொதுவா 180க்குள்ள இருந்தா நல்லது. சப்பாத்தியும் மாவுதாம்மா, மூணை ரெண்டாக்கி பக்கத்துல பொரியலும் கெட்டிப் பருப்பும் நிறைய வைங்க, முதல்ல காயைச் சாப்பிடச் சொல்லுங்க. சாப்பிட்டதும் டிவி முன்னாடி உக்காராம மொட்டை மாடியில பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தாலே வித்தியாசம் தெரியும்.

மாத்திரையை மட்டும் நீங்களா கூட்டாதீங்க. வேர்த்து, கை நடுங்கி, மெஷின்ல 70க்குக் கீழ காட்டினா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் குடுத்துட்டு பதினஞ்சு நிமிஷத்துல மறுபடி பாருங்க. நோட்டை டாக்டர்கிட்ட காட்டும்போது ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்க, ரத்தசோகை இருந்தா அந்த 8.4 கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம்.