மைனஸ் எட்டா, மைனஸ் மூன்றா: எது பெரியது?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், −3ஐவிட −8தான் பெரியது என்று அடம்பிடிக்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவள் சொல்வதில் பாதி சரி. பூச்சியத்திலிருந்து −8 எட்டு அலகு தள்ளி நிற்கிறது. −3 மூன்று அலகுதான். அந்தத் தொலைவைத்தான் தனி மதிப்பு என்கிறோம். அவள் தனி மதிப்பை ஒப்பிட்டுவிட்டு, எண்களையே ஒப்பிட்டதாக நினைக்கிறாள். ஆகவே ‘தப்பு’ என்று அடித்துவிடாதீர்கள். எது பூச்சியத்துக்குத் தொலைவில் இருக்கிறது, எது பெரியது என்று இரண்டு கேள்விகளாகக் கேளுங்கள். எண்கோட்டை முதலில் வெப்பமானிபோல் செங்குத்தாக வரையுங்கள். லே நகரில் ஓர் இரவு −8 டிகிரி, மறுநாள் இரவு −3 டிகிரி. எந்த இரவில் குளிர் அதிகம்? கோட்டில் மேலே இருக்கும் எண்ணே பெரியது என்பதை அவளே சொல்லிவிடுவாள்.

கேள்வி: ‘மைனஸ் குறியை அழித்தால் தனி மதிப்பு’ என்றுதான் வகுப்பில் சொல்லித்தருகிறேன். மாணவர்களும் சரியாகவே விடை எழுதுகிறார்கள். இது போதாதா?

பதில்: போதாது; தயவுசெய்து இந்தக் குறுக்குவழியை விட்டுவிடுங்கள். |3 − 8| என்று கொடுத்துப் பாருங்கள் (இருபுறமும் உள்ள கோடுகள் தனி மதிப்பைக் குறிக்கும்). குறியை அழித்துப் பழகிய மாணவர் 11 என்று எழுதக்கூடும். சரியான விடை 5. ‘தனி மதிப்பு 5 ஆக உள்ள எண்கள் எவை?’ என்று கேட்டால் −5ஐ மறந்துவிடுவார். தொலைவு என்று கற்றவரோ பூச்சியத்தின் இருபுறமும் தேடுவார். இரண்டு எண்களுக்கு இடையிலான தொலைவும் பின்னால் இதே வழியில்தான் வரும்: −3க்கும் 4க்கும் நடுவே 7 அலகு.

கேள்வி: பூச்சியம் மிகை எண்ணா, குறை எண்ணா?

பதில்: இரண்டுமில்லை. அதன் தனி மதிப்பு 0.

கேள்வி: 5 − (−3) எப்படி 8 ஆகிறது? கழித்தால் குறையத்தானே வேண்டும் என்கிறான் மகன்.

பதில்: நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் விதியை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 628இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் அழைத்து விதிகள் வகுத்தார். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 8 ரூபாய், கடன் 3 ரூபாய். ஆக, அவனுக்கென்று இருப்பது 5. கடன் கொடுத்தவர் ‘திருப்பித் தர வேண்டாம்’ என்றால் 3 ரூபாய்க் கடன் கழிகிறது. இப்போது 8 ரூபாயும் அவனுடையது. பெருக்கலுக்கு இந்தக் கடன் கதையை இழுக்காதீர்கள், குழப்பும். 2 × (−3) = −6, 1 × (−3) = −3, 0 × (−3) = 0 என்று எழுதிவிட்டு, அடுத்த வரியை அவனையே எழுதச் சொல்லுங்கள்.